வேலைக்குப் போனால் சரியாகிவிடும்

“வீட்டுல எவ்வளவு நேரம் நின்னாலும் யூரின் ஆரம்பிக்கவே மாட்டேங்குது டாக்டர்,” என்றார் கிளெம். ‘தொடங்குவதில் தாமதம்’ என்று டாக்டர் குறித்துக்கொண்டார்.

“ஆனா வேலைக்குப் போனா உடனே வந்துடுது!”

மனைவி டோரீனுக்குச் சுருக்கென்றது. “அங்க அப்படி யாரு இருக்கா?”

“பெஸ்ஸி.”

“கேட்டீங்களா டாக்டர் அநியாயத்த!”

“குதிரைடி! பெண்டிகோ ஊரு ரேஸ்ல ஜெயிக்கிற குதிரைக்கு ஊக்கமருந்து டெஸ்ட் எடுப்பாங்கல்ல? அது யூரின் போற வரைக்கும் பக்கத்துல நின்னு விசிலடிக்கிறதுதானே என் வேலை!”

“விசிலடிச்சா அதுக்கு வந்துடுமா?” என்றார் டாக்டர்.

“அதுக்கு முன்னாடி எனக்கு வந்துடும்!”

டோரீன் உதட்டைக் குவித்து விசிலடித்தாள். கிளெம் கழிப்பறைக்குப் பறந்தார்.

டாக்டர் சாம்பிள் டப்பாவோடு பின்னாலேயே ஓடினார்: “நிறுத்திடாதீங்கம்மா, அடிங்க!”