பல் சொன்ன வயது

யார்க்‌ஷர் கிராமக் கண்காட்சியில், கீரி போன்ற வளர்ப்புப் பிராணியான ஃபெரெட்டுகளில் மிக மூத்ததற்கான கோப்பைக்கு மேவிஸ், வில்ஃப் என்று இரண்டே பேர்தான் போட்டி. நடுவர் கிளிஃப், மேவிஸின் ஃபெரெட்டைத் தூக்கி வாயைத் திறந்து பார்த்தார்.

"ஏம்மா மேவிஸ், ஃபெரெட்டு ஏழெட்டு வருஷம் இருந்தாலே பெரிசு. நீ இதை ஒன்பதுங்கறே. ஆறு மாசத்துல முழுசா வளர்ந்துடும், அப்புறம் பல்லுதான் வயசு சொல்லும். இது பல்லு பால் மாதிரி இருக்கே."

கூடாரமே சிரித்தது.

"தெனமும் முயல் எலும்பு கடிக்குதுங்க, அதான் பல்லு வெள்ளையா இருக்கு. சத்தியமா ஒன்பதுதான்." மேவிஸ் தன் ஃபெரெட்டை வாங்கிக்கொண்டாள். எதிரே நின்ற வில்ஃபைப் பார்த்தாள். வில்ஃப் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.

"இந்த வயசுல பொய் எதுக்கும்மா? தள்ளி நில்லு."

அடுத்து வில்ஃபின் ஃபெரெட். பல்லெல்லாம் பழுத்த மஞ்சள்.

"இதுதான்யா கிழவி," என்று கிளிஃப் கோப்பையை நீட்டினார். கைதட்டல் எழுந்தது. வில்ஃப் தலை நிமிரவில்லை.

கூட்டம் கலைந்ததும் மேவிஸ் அருகே வந்தாள்.

"பால்குடி மறந்த குட்டியா இதை எங்கிட்ட குடுத்ததே நீங்கதான், வில்ஃப். கூடப் பொறந்ததை நீங்க வெச்சுக்கிட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

கூடப் பிறந்தது போன குளிர்காலத்திலேயே செத்துவிட்டது. வில்ஃப் இன்று கொண்டுவந்தது சென்ற வருடம் பிறந்த வேறொன்று.

வில்ஃப் கோப்பையை மறு கைக்கு மாற்றி விரல்களை மறைத்தார். காலையில் அதன் பல்லில் தேய்த்த கெட்டித் தேநீரின் கறை நகக்கண்ணில் இன்னும் போகவில்லை.