சீழ்க்கைக்கு வந்த மாங்குயில்

கிள்ளான் ஆற்றோரச் சதுப்பில் காலை வெயில் சேற்றின் மேல் மின்னுகிறது. பறவைகளிடம் அன்பு காட்டுவது பற்றி பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் முழங்கி மாலை வாங்கிய தங்கராஜா மாஸ்டர், புதருக்குள் தொப்பியும் தொந்தியுமாகக் குந்தியிருக்கிறார். அவருடைய ஆராய்ச்சிக்கு உதவும் மாணவன் ஜெய்னுதீன், மாதக்கணக்கில் பழகிய சீழ்க்கையை அடிக்கிறான். மாங்குயில் பதில் கொடுத்துக்கொண்டே வந்து, அவன் தலைக்கு மேலுள்ள கிளையில் அமர்ந்து கழுத்தைச் சாய்க்கிறது. "சார், நம்பி வந்துடுச்சு, பாருங்க!" முதலை வந்தால் தற்காப்புக்கென்று மாஸ்டர் எடுத்துவந்த துப்பாக்கி வெடிக்கிறது. மஞ்சள் இறகுகள் ஆடி ஆடிச் சேற்றில் இறங்குகின்றன. "பாக்கத்தானே சார் கூப்பிடச் சொன்னீங்க?" "பஞ்சு வெச்சுத் தைச்சா ஆயுசுக்கும் பாக்கலாம்லா. ஜோடியையும் கூப்பிடு." ஜெய்னுதீன் உதட்டை இறுகக் கடித்துக்கொள்கிறான். அவன் கூப்பிடாமலே, எதிர்மரத்திலிருந்து ஜோடிக் குயிலின் சீழ்க்கை கேட்கிறது. மாஸ்டர் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறார்.