படத்துக்குள் இருந்த எண்

ஜன்னல் வெயில் போனின் திரையில் விழுந்து கண் கூசுகிறது. தம்பிக்கு அது தொந்தரவில்லை. அவனுக்குப் பார்வை கிடையாது. பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் அவனுக்காக அக்கா முதன்முதலாக ஓர் இணையப் பக்கம் எழுதியிருக்கிறாள். அவளுடைய போனில் அதை விரலால் தள்ளித் தள்ளிக் கேட்கிறான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் போனின் குரல், விவரம் எழுதாத படத்துக்குக் கோப்பின் எண்ணையே வாசிக்கிறது: “படம், நாலு நாலு ஒன்று ஏழு.” “யாருக்கா இது?” “நீதான்டா.” “ஜெயில் நம்பர் மாதிரி இருக்கு. என் போன் நம்பர் எங்க?” “அந்தப் படத்து மேலயே அழகா போட்டிருக்கேனே.” “அழகை நீயே வச்சுக்கோ. படத்துக்குள்ள இருக்கற எழுத்தை இந்தக் குரல் வாசிக்காது. எனக்கே கிடைக்கலன்னா, என்னை மாதிரி இருக்கறவங்க எப்படிக் கூப்பிடுவாங்க? இதை வெளிய விடாத.” அவளுடைய கணினியின் விசைப்பலகை படபடக்கிறது. எண்ணைப் படத்திலிருந்து எடுத்து, கீழே எழுத்தாக வைக்கிறாள். படத்துக்கும் ஒரு வரி எழுதுகிறாள். அதற்குள் அவளுடைய காபியில் ஆடை படிந்திருக்கிறது. அவன் மறுபடி தள்ளுகிறான். “படம், பியானோ முன்னால் என் தம்பி, காலர் மடங்கியிருக்கிறது.” அவன் கை கழுத்துக்குப் போகிறது. “போட்டோ எடுத்த அன்னிக்கே சொல்றதுக்கென்ன?” விரல் இன்னொரு முறை தள்ளுகிறது. “அழைக்க, இருமுறை தட்டவும்.” தட்டுகிறான். அவன் சட்டைப் பையில் போன் அடிக்கிறது. எடுக்காமல், அடிக்க விடுகிறான்.