கீறல் விழாத கண்ணாடி

மூன்று முறை தட்டியும் தங்கை கதவைத் திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்க வந்தவன், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான்.

நூற்றைம்பது வருஷத்துக் கட்டடம். சின்னச் சின்னக் கண்ணாடிகளாக மரச்சட்டத்தில் பதித்த ஜன்னல். கண்ணாடியை வாயால் ஊதிச் செய்த காலத்தது. அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் லேசாக நெளியும்.

தங்கை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. அவன் தலை அசையும்போதெல்லாம் அவளும் அசைவதுபோல் இருந்தது.

தலையை நிறுத்திப் பார்த்தான். அவள் அசைவும் நின்றுவிட்டது.

அவள் காலடியில் கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பழைய கட்டடங்களின் ஜன்னல்களில் குளிர் புகாமல் இடுக்கு அடைப்பதுதான் அவன் தொழில். பழமை காக்கும் சட்டப்படி இந்த மாதிரிக் கட்டடங்களில் புது ஜன்னல் போட அனுமதி கிடையாது. கண்ணாடியை மாற்றவும் கூடாது. இருப்பதை வைத்துக்கொண்டே சூடு வெளியே ஓடாமல் பிடித்து நிறுத்த வேண்டும். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

தங்கை மூன்று குளிர்காலமாகக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊரான் வீட்டு ஓட்டையெல்லாம் ஓடி ஓடி அடைக்கிறே. கூடப் பொறந்தவ வீட்டு ஜன்னல் மட்டும் சல்லடையாக் கெடக்கட்டும், என்னண்ணே?"

ரோஷம் வந்து, போன ஞாயிற்றுக்கிழமை வேலையில் உட்கார்ந்துவிட்டான். ரப்பர் பட்டை, கம்பளி நாடா, கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டச் சுற்றிலும் புது மக்குப் பசை. மேலே சுவரில் இருந்த காற்றுத்துளையையும் அவள் கை காட்ட, சேர்த்தே அடைத்தான். பிறகு ஒரு மெழுகுவத்தியை ஏற்றிச் சட்டத்தின் ஓரமாகச் சுற்றிக் காட்டினான்.

சுடர் சிலைபோல் நின்றது. தங்கை சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

அடுத்தவர் வீடாக இருந்தால் கருவியைத் தொடும் முன்பே கேட்டிருப்பான், உள்ளே அடுப்போ ஹீட்டரோ எரிகிறதா, அதன் புகை எந்த வழியாகப் போகிறது என்று. தங்கை வீடாயிற்றே. காப்பி குடித்தான், கதை பேசினான், கேட்க மறந்தான்.

அவள் இத்தனை நாள் திட்டித் தீர்த்த இடுக்குகள்தான் ஹீட்டர் கக்கிய நச்சுக் காற்றை வெளியே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தன.

அதற்குள் ஜன்னலில் அவன் கை வேலையைத் தொடங்கியிருந்தது.

ஜன்னல் கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணாடி. அதை எடுத்தால் கை உள்ளே நுழையும். தட்டைக் கத்தி கீழ் ஓரத்தில் இறங்கியது. ஒரு வாரத்து மக்கு இன்னும் இறுகவில்லை. நாடாவாகச் சுருண்டு வந்தது. கீழே, வலது, மேலே, இடது. வரிசை மாறினால் மூலை தெறிக்கும்.

"வந்துட்டேன் பாப்பா. இதோ. இதோ வந்துட்டேன்."

கண்ணாடியைப் பிடித்திருந்த குட்டி ஆணிகள் எட்டு. ஒவ்வொன்றாக நெம்பினான். கத்தி நூலளவும் வழுக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பழங்கண்ணாடிகூட அவன் கையில் உடைந்ததில்லை. கண்ணாடிக்குப் பிரசவம் பார்க்கிறவன் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள்.

எட்டாவது ஆணி விழுந்தது. கண்ணாடி அவன் உள்ளங்கையில் வந்து சாய்ந்தது. கழுத்துத் துணியை உருவிக் கீழே விரித்து, அதன்மேல் சுவரோரமாகச் சாத்தி வைத்தான்.

பிறகுதான் கையை உள்ளே விட்டான்.

மாடி வீட்டுக்காரர் சொல்லி ஆம்புலன்ஸ் வந்தது. வந்த இருவரும் தங்கையை வெளிமுற்றத்தில் கிடத்தி, மாற்றி மாற்றி அவள் மார்பை அழுத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் நிறுத்தினார். மற்றவரும் நிறுத்தினார்.

கட்டடக் காப்பாளர் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். முற்றத்துக் கூட்டத்துக்குள் நடப்பது அவருக்குத் தெரியவில்லை. திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்துப் பதறியவர், சுவரோரத்தில் கண்ணாடியைக் கண்டு, இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடேயப்பா, ஒரு கீறல் இல்லையே தம்பி! இதை இப்படி எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். கருவிகள் செருகிய இடுப்பு வாரில் ஏதோ கனத்து இடித்துக்கொண்டிருந்தது. கையால் தொட்டுப் பார்த்தான்.

சுத்தியல்.