மூன்றாவது படி

"ஏங்க, திரும்பிப் பார்க்காதீங்க. தூணுக்குப் பக்கத்து மேஜையில ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருக்கார்."

மனைவி சொன்னதும் பிரஸ்காரருக்கு சூப் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"எந்த ஹெட்மாஸ்டர்?"

"நமக்குச் சம்பந்தியா வரப்போறவர்தான். அந்தம்மாவும் வந்திருக்காங்க. கல்யாணப் பேச்சுக்கு வந்தப்போ போட்டிருந்தாரே, அதே கோட்டு."

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன்னு சொன்னாரே?"

"யாராவது டிக்கெட் வாங்கிக் குடுத்திருப்பாங்க. நான் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். போச்சு, எல்லாம் போச்சு."

அந்த ஹோட்டலில் ஆட்டம், பாட்டு, மேஜிக் எல்லாம் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். மற்றவர்கள் டிக்கெட் வாங்கிச் சாப்பிட்டார்கள். பிரஸ்காரரும் மனைவியும் சாப்பிடுவது சம்பளத்துக்கு. மேஜிக்காரர் "கூட்டத்துல யாராவது ஒருத்தர் வாங்க" என்று கூப்பிடும்போது, யாரோ மாதிரி எழுந்து போய் அவமானப்பட வேண்டும். அதுதான் வேலை.

யாரைக் கூப்பிடுவது என்று மேஜிக்காரருக்குத் தெரிய, தண்ணீர் டம்ளர் மேல் குறுக்கே ஒரு கரண்டி வைக்க வேண்டும். கூப்பிட்டதும் மூன்று தடவை கும்பிட்டு "வேண்டாங்க" என்று சொல்ல வேண்டும். பிறகு எழுந்து போய், மேடையின் மூன்றாவது படியில் தடுக்கி விழ வேண்டும். விழுந்தால்தான் ஜனங்கள் நிஜம் என்று நம்புவார்களாம். மேனேஜர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். வெளியில் மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்.

அவர் வேலை பார்த்த அச்சு பிரஸ் மூடி எட்டு மாதம் ஆகிறது. தெருவில் இன்னும் பிரஸ்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் மறுக்கவில்லை. ஹெட்மாஸ்டரிடமும் "இன்னும் அதே பிரஸ்தான் சார்" என்று கூசாமல் சொல்லிவிட்டார். மகளிடம் தினமும் வாக்கிங் போவதாகப் பொய். "இவ்வளவு நடந்தும் அப்பாவுக்குத் தொப்பை குறையலையே" என்று அவள் கேலி செய்வாள்.

மகளுக்கும் ஹெட்மாஸ்டர் பையனுக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. பெரியவர்கள் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. "எங்க வீட்டுல சொத்து சுகம் எதுவும் கிடையாது. மரியாதை ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் ஹெட்மாஸ்டர்.

"இன்னிக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"இப்பவா? கரண்டி வெச்சாச்சு."

அவள் கையை நீட்டிக் கரண்டியை எடுப்பதற்குள் வெளிச்சம் அவர்கள் மேஜை மேல் விழுந்தது.

பிரஸ்காரர் மூன்று தடவை கும்பிட்டார். அன்றைக்கு அந்தக் கும்பிடு நிஜமான கும்பிடு. மேஜிக்காரர் விடவில்லை. மூன்றாவது படியில் பிரஸ்காரர் நடிக்காமலே தடுக்கி விழுந்தார். கூட்டம் கைதட்டியது.

பிறகு வழக்கம்போல மேஜிக்காரர் மயக்குகிற மாதிரி மயக்க, பிரஸ்காரர் மயங்குகிற மாதிரி மயங்கி, கோழியாக மாறினார். கொக்கரித்தார். தன் கோட்டின் பின்பக்கத்தை வால் மாதிரி தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றினார். உட்கார்ந்து முக்கினார். மேஜிக்காரர் அவர் அடியிலிருந்து முட்டையை எடுத்துக் காட்டியபோது அத்தனை பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் குனிந்த தலை நிமிராமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மேஜைக்குத் திரும்பியபோது பிரஸ்காரருக்குக் காதெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் கொக்கரித்தது ஒரு விஷயமாகவே படவில்லை. தெரிந்த ஒரே ஒரு மனிதர் பார்த்ததும், இதுவரை கொக்கரித்தது அத்தனைக்கும் சேர்த்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"வேலை போயிடுங்க."

"போகட்டும். பிரஸ்லயே இருக்கேன்னு புளுகுனது நான். குடிச்சிட்டுக் கூத்தடிக்கிறவன் பொண்ணுன்னு அவளை வேண்டாம்னு சொல்லிட்டா, நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது?"

நடனம் நடந்துகொண்டிருந்தது. சாப்பிடுகிறவர்களின் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து தூணருகே போய் நின்றார். ஹெட்மாஸ்டர் நிமிரவே இல்லை. அந்தம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சார், நீங்க பார்த்தது..."

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் ஹெட்மாஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். இப்ப போயிடுங்க."

"என் மேல கோபப்படுங்க சார், நியாயம். பொண்ணு மேல காட்டிடாதீங்க. அவளுக்கு இது எதுவுமே தெரியாது."

"போங்கன்னு சொல்றேன்ல?"

இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவே தேவையில்லை. மகளிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது பிரஸ்காரருக்குக் கண் கலங்கியது. கால் நகரவில்லை.

நடனம் முடிந்து மேஜிக்காரர் மறுபடி மேடைக்கு வந்துவிட்டார். "அடுத்த ஐட்டத்துக்கு, கைக்கடிகாரம் கட்டினவங்க யாராவது ஒருத்தர் வாங்க."

வெளிச்சம் கூட்டத்தின் மேல் இங்கும் அங்கும் அலைந்துவிட்டு, தூணுக்குப் பக்கத்து மேஜையில் வந்து நின்றது.

"வேண்டாங்க" என்று கும்பிட்டார் ஹெட்மாஸ்டர். "வேண்டாங்க. ஐயோ, வேண்டாங்க."

குனிந்த தலையோடு நின்றிருந்த பிரஸ்காரரின் கண்ணில் அப்போதுதான் ஹெட்மாஸ்டரின் தண்ணீர் டம்ளர் பட்டது. அதன் மேல் குறுக்கே ஒரு கரண்டி இருந்தது.

ஹெட்மாஸ்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் பிரஸ்காரரின் காதருகே குனிந்து கேட்டார்:

"மூணாவது படியிலதானே விழணும், சம்பந்தி?"