திங்கட்கிழமைக் கூட்டம்

தேவாலயத்துக்கு வெளியே, காருக்குள் உட்கார்ந்து கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தாள் அகாயிதி. தலையில் தென்னங்குருத்துத் தொப்பி, மடிப்பு கலையாத வெள்ளை உடை, காதில் அலுவலகம்.

அலுவலகம் இருக்கும் ஆக்லாந்தில் அது திங்கட்கிழமை காலை. அவள் இருக்கும் ரரோதொங்காத் தீவில் இன்னும் ஞாயிறு.

நடுக்கடலில் ஓடும் தேதிக்கோட்டைப் பற்றி மேலாளர் பிரெண்டனிடம் பலமுறை சொல்லியாயிற்று. மற்ற எல்லாருக்கும் கூட்டத்துக்கு இந்த நேரம்தான் வசதி என்று வாயை அடைத்துவிட்டார்.

மற்ற ஞாயிறுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனாள். இன்று அப்பாவின் கடைசிப் பிரசங்கம். இன்றோடு ஊழியத்திலிருந்து ஓய்வு பெறுகிறார். உள்ளே பாடிக்கொண்டிருக்கும் இந்தப் பாட்டு முடிந்ததும் பேசத் தொடங்கிவிடுவார்.

"வாரக் கடைசியில என்ன பண்ணீங்க? ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று வழக்கம்போல ஆரம்பித்தார் பிரெண்டன்.

ஒருவர் மீன் பிடித்தாராம். ஒருத்தி நாள் முழுக்கத் தூங்கினாளாம்.

"எனக்கு இன்னும் வாரக் கடைசி முடியவே இல்லையே!" என்றாள் அகாயிதி. யார் காதிலும் விழவில்லை. பாட்டுச் சத்தம் இடைஞ்சல் என்று அவளுடைய மைக்கைப் பிரெண்டன் அணைத்து வைத்திருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே பாட்டு முடிந்தது. அவள் கை கார்க் கதவுக்குப் போயிற்று. நல்லவேளை, அதே பாட்டை மறுபடியும் எடுத்தார்கள்.

பிரெண்டன் நிதானமாகத் தொண்டையைச் செருமினார். கூட்டங்களை உருப்படியாக நடத்தப் புது விதிகள் எழுதியிருக்கிறாராம்.

"முதல் விதி. ஞாயித்துக்கிழமை கூட்டமே கிடையாது. அது குடும்பத்துக்கான நாள். அதுல யாரும் கை வைக்கக் கூடாது."

திரை முழுக்கக் கைதட்டும் பொம்மைகள் எழும்பின. இத்தனை பேரில் ஒருத்தருக்காவது உறைக்க வேண்டுமே!

ரரோதொங்காவுக்குச் சம்மதமா என்று கேட்டு, மைக்கைத் திறந்துவிட்டார்.

"ரொம்பச் சம்மதம், பிரெண்டன். இந்த நிமிஷமே அமல்படுத்துறேன்."

இணைப்பைத் துண்டித்தாள். வேலை போனால் போகட்டும். மறுபடி அழைப்பு வந்து மணி அடிக்க அடிக்கக் கைப்பேசியை இருக்கையிலேயே எறிந்துவிட்டு ஓடினாள்.

உள்ளே மூன்றாம் முறையாக அதே பாட்டு. அப்பா வேதாகமத்தைத் திறக்காமல் பீடத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையை உயர்த்தினார். பாட்டு நின்றது.

கடைசி வரிசையிலிருந்த வைனே அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அத்தையின் குரல் கரகரத்துப் போயிருந்தது.

"வந்து தொலைச்சியா? நீ வராம வாயத் திறக்க மாட்டேன்னு நிக்கிறான் உங்கப்பன். இன்னொரு தடவ பாடச் சொல்லியிருந்தா எங்க உசுரே போயிருக்கும்டி."