கல்லில் வெட்ட ஒரு பெயர்

“சுட்டிருக்கான் மேடம்! என் பூட்டியைச் சுட்டே கொன்னிருக்கான் உங்க ஆளு!”

வெல்டர் மேஜையில் குத்திய குத்தில் பென்சில்கள் உருண்டு விழுந்தன. ஆவண அலுவலகத்தின் படிப்பறை அது. சத்தமாகத் தும்மினாலே முறைப்பார்கள். அன்றைக்கு முறைக்கவும் ஆளில்லை.

எதிரில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கப்பலில் வந்திறங்கிப் பண்ணை போட்ட துரையின் வம்சம். யாரிடம் பேசினாலும் “நான் எட்டாந்தலைமுறை” என்று ஆரம்பிப்பாள் என்பதால், அலுவலகத்தில் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது.

அவள் விரித்திருந்த வம்சாவளிப் படம் மேஜையைத் தாண்டித் தொங்கியது. எந்தக் குழந்தைக்கு எந்தத் தேதியில் பல் முளைத்தது என்பது வரைக்கும் அதில் இருந்தது.

வெல்டரிடம் இருந்தது வாய்வழியாக வந்த கதை மட்டும்தான். பல தலைமுறைக்கு முந்தி அந்தப் பண்ணையில் புல் வெட்டிய பூட்டி, பெரும்புயல் அடித்த வருடம் சரிவுப் பக்கம் போனாள். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வரவில்லை. அவள் விட்டுப்போன பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. அம்மாவின் பெயர்கூடத் தெரியாமலே வளர்ந்தது.

பண்ணையின் பழைய இடுகாட்டில் எட்டாந்தலைமுறை ஒரு கல் நடப்போகிறாள். ஒரு பக்கம் அவள் குடும்பத்தார் பெயர்கள், மறுபக்கம் அங்கே உழைத்தவர்கள் பெயர்கள். “ஆதாரத்தோட ஒரு பேரு கொடுங்க, வெட்டச் சொல்றேன்” என்றிருந்தாள். புல் வெட்டியவள் ஆதாரத்துக்கு எங்கே போவாள்? ஐந்து மணிக்குள் கல்தச்சருக்குச் சொல்லியாக வேண்டும் என்பதால் வெல்டர் பட்டறைக்கு அரைநாள் லீவு போட்டு வந்திருந்தான்.

பண்ணைப் பெட்டியிலிருந்து கிளார்க் இரண்டு நோட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று தோல் அட்டை போட்ட தடி நோட்டு, இன்னொன்று அட்டையே இல்லாத ஒல்லி நோட்டு. “பிரிக்காதீங்க, சாப்பிட்டு வந்து நானே காட்டுறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பசி அவருக்கு, அவசரம் இவர்களுக்கு. எட்டாந்தலைமுறை தடி நோட்டைப் பிரித்துவிட்டாள். முதல் பத்துப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. துரைமார் எழுதிய அந்தப் பழைய மொழி அவளுக்குத்தான் படிக்க வரும்.

“இன்னொரு தடவை படிங்க” என்றான் வெல்டர்.

“பேரு, ரோஸி. தாய், டெய்ஸி. துறைமுகத்துல ஏலத்துல எடுத்தது. பல் சுத்தம். குணம் முரடு.” அவள் குரல் இறங்கியது. “புயல் வருஷம், ஜூன் ஒன்பது. சரிவுல விழுந்து வலது கால் முறிவு. துரை தன் கையாலயே சுட்டார்.”

“பல்லைப் பிடிச்சுப் பாத்து ஏலத்துல எடுத்திருக்கான்! இருந்த பேரையும் பிடுங்கிட்டு ரோஸின்னு வச்சிருக்கான்! கால் ஒடிஞ்சா கட்டுப் போடுவானா, சுடுவானா?”

“அவர் அப்படிப்பட்டவர் இல்ல தம்பி. ரொம்ப இரக்கப்படுவார்னு எங்க வீட்ல...”

“இரக்கமா? என் வாயைக் கிளறாதீங்க மேடம்.”

அவள் அடுத்த வரியை விரலால் தொட்டாள். “அன்னைக்கு ராத்திரி துரை சாப்பிடலைன்னும் எழுதியிருக்கு.”

“செய்யறதையும் செஞ்சுட்டு, பட்டினி வேற கிடந்தாரா?”

அவள் குனிந்தாள். கீழே கிடந்த பென்சிலை எடுத்தாள். வம்சாவளிப் படத்தில் அந்தத் துரையின் பெயர்மேல் அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

“இவர் பேரு கல்லுல வராது. உங்க பூட்டி பேரு வரும்.” அங்கேயே கல்தச்சருக்கு போன் போட்டாள். “மறுபக்கம் முதல் பேரு ரோஸி. இப்பவே ஆரம்பிச்சிடுங்க.”

வெல்டர் தன் அக்காவைக் கூப்பிட்டான். “அக்கா, பேரு கிடைச்சிருச்சு. சுட்டுக் கொன்னிருக்கானுங்க அக்கா. ஆனா பேரு இருக்கு. அவங்கம்மா பேரும் இருக்கு.”

அக்கா போனிலேயே உடைந்து அழுதாள். “நம்ம ஆளுக்கும் ஒரு பேரு இருந்திருக்குடா... எழுதி வச்சிருக்காங்கடா...” அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோபம் மட்டும் அடங்கவில்லை.

ஈரக்கையைத் துடைத்தபடி கிளார்க் உள்ளே வந்தார். திறந்து கிடந்த தடி நோட்டைப் பார்த்தார். அழுது சிவந்த வெல்டரின் முகத்தையும் பார்த்தார்.

“கல்தச்சருக்குச் சொல்லிட்டீங்களா? என்ன பேருன்னு?”

“ரோஸின்னு” என்றாள் எட்டாந்தலைமுறை.

கிளார்க் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒல்லி நோட்டை எடுத்து, அதே வருடம் அதே மாதம் வரைக்கும் புரட்டி, வெல்டர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

அதில் தேடிப் பார்த்தாலும் ஒரு பெயர் கிடையாது. தேதிக்கு எதிரே வேலையும் ஓர் எண்ணும்தான். ஜூன் ஒன்பது, புல் வெட்ட நாற்பத்தொன்று. ஜூன் பத்து, புல் வெட்ட நாற்பது.

“இது என்ன சார்?”

“உங்க பூட்டி இந்த நோட்டுலதான் தம்பி இருக்காங்க. அந்தத் தடி நோட்டு குதிரைங்களோடது.”